எலி முடியில் பங்கசு தேட எந்த முறை? தூரிகையா, முடித்தூண்டிலா, டிஎன்ஏயா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கொஞ்சம் சரிவோம் என்று இருந்த நேரத்தில், தெரிந்த பிள்ளை ஒருத்தி அழைத்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. கொழும்பில் பிடிபடுகிற எலி, பெருச்சாளி, மூஞ்சூறு இவற்றின் முடியில் என்னென்ன பங்கசு இருக்கிறது என்று இனங்கண்டு வகைப்படுத்துவது அவளுடைய ஆய்வு. "அக்கா, இருக்கிற காசுக்கு எல்லாம் செய்ய ஏலாது. கல்ச்சர் போடவா, நேரே டிஎன்ஏக்குப் போகவா, ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாள். ஒற்றைச் சொல்லில் சொல்லியிருக்கலாம்தான். முக்கால் மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துகொண்டே இருந்ததால், நான் செய்து பார்த்தது, பிழைவிட்டது, இன்றைக்குச் செய்வதானால் காசை எதில் போடுவேன் என்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன். இதே தலையிடி இன்னும் நாலு பேருக்கு இருக்கும்.

முறைகளைப் பற்றிப் பேச முதல் ஒரு விஷயம். கொட்டாஞ்சேனை வாய்க்காலால் ஓடி, புறக்கோட்டையில் வெங்காய மூட்டைக்கு அடியில் படுத்து எழும்பிய எலியின் முடி ஒரு தும்புத்தடி மாதிரி. அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம், மியூக்கர் என்று காற்றிலும் மண்ணிலும் திரிகிற எல்லாவற்றின் வித்தியும் அதில் ஒட்டியிருக்கும். இவை முடியில் சவாரி செய்கின்றன, அவ்வளவுதான். முடியின் கெரட்டினை, அதாவது முடியைக் கட்டியிருக்கும் புரதத்தை, தின்று உயிருள்ள விலங்கின் மேலேயே குடித்தனம் நடத்துகிற கூட்டம் வேறு: டெர்மட்டோபைட்டுகள், நமக்குப் படர்தாமரை தருகிற அதே குடும்பம். எலி, முயல், கினிப்பன்றி என்றால் அதில் முதலில் தேடவேண்டியது ட்ரைக்கோபைட்டன் மென்டக்ரோபைட்டீஸ். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, நனிசியா ஜிப்சியா, கிரைசோஸ்போரியம் போன்றவை. இவையும் கெரட்டின் தின்னும், ஆனால் மண்ணில் இருந்துகொண்டு, உதிர்ந்த முடி, செத்த விலங்கு, வளைக்குள் கிடக்கும் இறகு என்று கிடைப்பதைத் தின்னும். சிலவேளை உயிருள்ள தோலிலும் கைவைக்கும்.

"இந்த மூன்றில் எது உனக்கு வேணும்" என்று கேட்டேன். சத்தம் இல்லை. அவளைக் குறை சொல்லமுடியாது, நானும் ஆய்வு தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். எந்த முறை நல்லது என்பதற்கு விடை இங்கேதான் கிடக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இந்த மூன்று கூட்டத்தில் ஒன்றை உயர்த்திக் காட்டி மற்றதை மறைக்கும்.

மலிவானதிலிருந்து வருகிறேன். ஊதாக்கதிர் விளக்கு, வுட்ஸ் விளக்கு என்பார்கள், 365 நனோமீற்றர் அளவில் ஒளி. இருட்டறையில் பிடித்தால் தொற்றுள்ள முடி பச்சையாக மின்னும். பூனையில் வருகிற மைக்ரோஸ்போரம் கேனிஸுக்கு இது உதவும், அதிலும் எல்லா விகாரமும் (ஒரே இனத்துக்குள் உள்ள கிளைவகை) மின்னாது. எலியில் நாம் தேடுகிற மென்டக்ரோபைட்டீஸ் மின்னவே மின்னாது. மின்னுவதெல்லாம் தூசும் நூலும்தான். காசுநோட்டுப் பார்க்கிற விளக்கை வாங்கி எலியைச் சுற்றிப் பிடித்து நேரத்தைக் கரைக்காதீர்கள். இதை விட்டுவிடலாம்.

அடுத்தது நேரே நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. முடியைப் பிடுங்கி, 10 முதல் 20 வீதப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் துளியில் போட்டு, சற்றுச் சூடாக்கி, மூடி வைத்துப் பார்ப்பது. அரை மணித்தியாலத்தில் விடை. முடியின் வெளிப்புறத்தைச் சுற்றி வித்திகள் உறைபோல நின்றால் அது உண்மையான தொற்று, வெறும் ஒட்டல் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். வேறு எந்த முறையும் இந்த ஒன்றை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆனால் இனப்பெயர் கிடைக்காது. அதோடு, வெளியே நோய் தெரியாமல் வித்தியை மட்டும் சுமக்கிற விலங்குகள் கனக்க, அவற்றில் நீங்கள் பிடுங்குகிற இருபது முடியும் சுத்தமாகவே இருக்கும். இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. எலி முடியின் நடுத்தண்டு ஏணிப்படி மாதிரி அறை அறையாக, உள்ளே காற்று நிரம்பி இருக்கும். வெளிச்சத்தில் அது கறுப்பு மணிகளைக் கோத்து வைத்ததுபோலத் தெரியும். நான் அதைச் சங்கிலி வித்தி என்று நினைத்து, பதினொரு எலிக்குத் தொற்று என்று குறித்து, படமும் வரைந்து, மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் தலையிலிருந்து ஒரு முடியையும் ஆய்வகத்து வெள்ளெலியின் முடி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பதினொன்றும் பூச்சியம் ஆயின. ஆகவே பங்கசு பார்க்க முதல், சுத்தமான எலி, பெருச்சாளி, மூஞ்சூறு முடி எப்படி இருக்கும் என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்.

இனி வளர்ப்பு முறைகள், அவள் கல்ச்சர் என்றது இதைத்தான். இதில்தான் உண்மையான போட்டி, இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று தூரிகை. 1963இல் மெக்கென்சி என்பவர் பிள்ளைகளின் தலையில் மின்னாத படர்தாமரையைத் தேட மயிர்த்தூரிகையைப் பயன்படுத்திப் பிரபலமாக்கிய வழி. விலங்குகளுக்கு அதுவே பல்துலக்கும் தூரிகையாகச் சுருங்கிவிட்டது. பொதியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுத் தூரிகையே போதும். மூக்கு, காது ஓரம், முதுகு, வால் அடி என்று ஓரிரு நிமிடம் முடிக்கு எதிர்த்திசையிலும் வாரி, பிறகு அந்தத் தூரிகையின் முட்களை அகார்த் தட்டில் (பங்கசு வளரும் ஜெலி ஊற்றிய தட்டு) ஐந்தாறு இடத்தில் மெல்லக் குத்தி எடுக்கவேண்டும். முழு உடம்பையும் வாரியதால் இருபது முடி பிடுங்குவதைவிட எவ்வளவோ அதிகம் மாட்டும். நோய் தெரியாத சுமப்பிகளும் மாட்டும்.

மற்றது முடித்தூண்டில். வான்புரூசெகெம் 1952இல் மண்ணிலிருந்து டெர்மட்டோபைட்டுகளைப் பிடிக்கச் செய்தது. பெத்திரிக் கிண்ணத்தில் மண்ணைப் பரப்பி, மேலே கிருமிநீக்கிய முடியைத் தூவி, ஈரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பது. மண்ணுக்குப் பதிலாக எலி வளைத் தும்பு, கூட்டுக் குப்பை, உதிர்ந்த முடி எதையும் போடலாம். வயதுக்கு வராத பிள்ளைகளின் முடி நல்லது, எண்ணெய்ப்பசை குறைவு. எனக்கு அதிஷ்டவசமாக அந்த வருடம் அண்ணன் மகனுக்குக் கோயிலில் மொட்டை போட்டார்கள், சந்தனம் பூச முதல் ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் எடுத்துக்கொண்டேன். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். மூன்றாம் கிழமையில் கிண்ணத்தைத் திறந்தால், கறுப்பு முடிகளின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல் இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்தப் பஞ்சு பெரும்பாலும் யார்? கிரைசோஸ்போரியமும் ஜிப்சியாவும். மண்ணில் வாழும் நடுக்கூட்டம். உயிருள்ள எலியின் மேல் குடியிருக்கிற மென்டக்ரோபைட்டீஸைத் தேடிப் போனவர்கள் முடித்தூண்டிலை மட்டும் நம்பினால், எலியின் வீட்டு முகவரியை விசாரித்துவிட்டு எலியைக் கண்டதாக எழுதவேண்டி வரும். வளையின் சூழலியல்தான் உங்கள் ஆய்வு என்றால் இதைவிட நல்ல முறை இல்லை. எலியின் முடி என்றால் தூரிகை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

தட்டில் என்ன ஊற்றுவது என்பதும் ஒரு தெரிவு. பங்கசு வளர்க்கும் வழக்கமான ஊடகமான வெறும் சபூரோ அகாரில் எலித் தூரிகையைக் குத்தினால் மூன்றாம் நாளே மியூக்கர் மூடியை முட்டும், கீழே யார் இருந்தார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். லீற்றருக்கு அரை கிராம் சைக்ளோஹெக்சிமைட்டும் 0.05 கிராம் குளோரம்பெனிகோலும் சேர்த்தால் முதலாவது சவாரிக்காரப் பங்கசுகளில் பெரும்பாலானதையும் இரண்டாவது பக்டீரியாவையும் அடக்கும், டெர்மட்டோபைட்டுகள் தாக்குப்பிடிக்கும். சைக்ளோஹெக்சிமைட் நஞ்சு, கையுறையும் முகமூடியும் போட்டு நிறுங்கள். எலிக்கு அதன் சுவையே பிடிக்காது, ஒரு காலத்தில் எலிவிரட்டியாகவே பயன்பட்ட சாமான், நாம் அதை வைத்து எலியை ஆராய்கிறோம். நிறம் மாறும் ஊடகமும் ஒன்று இருக்கிறது, டிடிஎம் என்பார்கள், டெர்மட்டோபைட்டு வளர்ந்தால் மஞ்சள் சிவப்பாகும். விலங்கு வைத்தியரின் மேசைக்கு அது வசதி. ஆய்வுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்: கிரைசோஸ்போரியமும் சிவப்பாக்கும், பத்து நாள் தாண்டினால் சாதாரணப் பூஞ்சணமும் சிவப்பாக்கும், போதாததற்கு அந்தச் சிவப்பு, குடியின் (தட்டில் வளரும் பங்கசுத் திட்டு) அடிப்பக்க நிறத்தை மறைத்துவிடும். இனங்காண அந்த அடிப்பக்கம் நமக்கு வேணும்.

கொழும்புக்காரருக்கு வளர்ப்பு முறையில் ஒரு பெரிய வசதி உண்டு, வெளிநாட்டுப் புத்தகங்களில் இதை யாரும் எழுதமாட்டார்கள். டெர்மட்டோபைட்டுகளுக்கு 25 முதல் 30 பாகை வேணும். நம் அறையே அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே, அந்தக் காலத்தில் எங்கள் உறைபெட்டியில் இருந்த, டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் நொதியங்கள் வீணாகிப் போயின, அலுமாரியில் அடுக்கியிருந்த சபூரோ தட்டுகள் ஒன்றும் நடக்காததுபோல வளர்ந்துகொண்டிருந்தன. அகாரைக் கிருமிநீக்கக்கூட, ஓட்டோகிளேவ் இல்லாத இடத்தில், சமையல் பிரஷர் குக்கர் வைத்துச் சமாளித்தவர்களை எனக்குத் தெரியும்.

வசதிக்குப் பக்கத்திலேயே தொல்லையும் இருக்கிறது. உண்ணி. எலி முடியோடு வருகிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தூரிகையிலிருந்து தட்டுக்கு இறங்கி, தட்டிலிருந்து பக்கத்துத் தட்டுக்கு நடந்து, போகிற வழியெல்லாம் வித்தியை விதைத்துக்கொண்டு போகும். ஒரு நாள் காலை ஒரு தட்டைச் சாய்த்துப் பார்க்கிறேன், வெள்ளைக் குடியிலிருந்து ஓரத்துக்குப் புள்ளிக் கோலம் போட்டதுபோல ஒரே இடைவெளியில் சின்னச் சின்னக் குடிகள். அழகாக இருந்தது, அடுக்கில் இருந்த ஒன்பது தட்டையும் எறிந்தேன். தட்டின் விளிம்பைப் பரபிலிம் என்ற இழுபடும் ஒட்டுத்தாள் சுற்றி ஒட்டுங்கள், ஒரு விலங்கின் தட்டுகளை ஒரு பையில் தனியாகக் கட்டுங்கள், தட்டுத் தாம்பாளத்தின் விளிம்பில் வாசலின் பூசுங்கள்.

தட்டில் வந்த பிறகு பெயர் வைப்பது எப்படி? முதலில் கண். மென்டக்ரோபைட்டீஸ் மணலும் தூளுமாக, அரிசி மா தூவினதுபோல் வரும். ஜிப்சியா கறுவாத்தூள் நிறம். செலோடேப்பை ஒட்டி எடுத்து நீலச்சாயத் துளியில் பார்த்தால், மென்டக்ரோபைட்டீஸில் உருண்டைச் சிறுவித்திகள் திராட்சைக் குலையாகவும், நடுவில் பேனை ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட இழைகளும், எப்போதாவது யாழ்ப்பாணச் சுருட்டு வடிவத்தில் மெல்லிய சுவருள்ள பெருவித்தியும் தெரியும். ஜிப்சியாவில் பெருவித்திகள் குவியல் குவியலாக, சொரசொரப்பான மெல்லிய சுவரோடு, உள்ளே ஆறு அறைவரை இருக்கும். கிரைசோஸ்போரியம்தான் ஏமாற்றுக்காரன். குடி மென்டக்ரோபைட்டீஸ் மாதிரியே வெள்ளை, சைக்ளோஹெக்சிமைட்டையும் பொருட்படுத்தாது. ஆனால் பெருவித்தி இருக்காது, தனி அறை வித்திகள் சற்றுப் பெரிதாக, அடி தட்டையாக வெட்டினதுபோல இருக்கும். இதற்குப் பயிற்சி வேணும், ஒரு மாதமாவது. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பங்கசுப் பிரிவு இருக்கிறது. அப்படியான இடத்தில் பழகிய கண் உள்ள ஒருவரிடம் முதல் பத்து வழுக்கிகளை, நுணுக்குக்காட்டிக்குத் தயாரித்த கண்ணாடித் தகடுகளை, காட்டமுடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பழைய சோதனைகள் இரண்டையும் தள்ளிவிடாதீர்கள். யூரியா ஊடகத்தை மென்டக்ரோபைட்டீஸ் ஒரு கிழமைக்குள் இளஞ்சிவப்பாக்கும், அதன் உறவுக்காரனான ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் பெரும்பாலும் ஆக்காது. முடி துளைக்கும் சோதனையில் மென்டக்ரோபைட்டீஸ் முடிக்குள் குறுக்கே ஆப்பு வடிவத் துளை போடும், ரூப்ரம் மேலோட்டமாகத் தின்னும். மொட்டை முடியில் மிச்சம் இருந்தது இதற்கும் உதவியது. எலித் தட்டில் ரூப்ரம் வந்தால் முதலில் உங்கள் கால்விரல் இடுக்கைப் பாருங்கள், அது மனிதப் பங்கசு.

இப்போது டிஎன்ஏ. ஐடிஎஸ் என்ற பகுதியை வாசித்துப் பெயர் வைப்பது, 2012இல் பங்கசுகளுக்கான பொதுப் பட்டைக்குறியாக முன்வைக்கப்பட்டது அதுதான். நல்ல முறை, மறுக்கவில்லை. கண்ணால் பிரிக்கமுடியாத கிரைசோஸ்போரியம்களை இது பிரித்துவிடும். ஆனால் மென்டக்ரோபைட்டீஸ், இன்டர்டிஜிட்டேல், இன்டோட்டினியே என்ற நெருங்கிய இனங்களுக்குள் ஐடிஎஸ் வித்தியாசம் சில எழுத்துகள்தான், வாசிப்பின் தரம் கொஞ்சம் மோசமாக இருந்தாலே பெயர் மாறிவிடும். அடுத்த சிக்கல், பொதுத் தரவுத்தளத்தில் பொருந்தி வருகிற முதல் பெயரை அப்படியே நகலெடுப்பது. அங்கே உள்ள பதிவுகள் எல்லாக் காலத்துப் பெயரிலும் கிடக்கின்றன. 1999இல் வந்த வகைப்பாடு மென்டக்ரோபைட்டீஸ் என்ற பெயரைச் சுண்டெலிக்கு ஃபேவஸ் என்ற தோல்நோய் தரும் பங்கசுக்கு, இப்போதைய குவிங்கியானம், ஒதுக்கிவிட்டு, விலங்குகளில் வரும் மற்ற விகாரங்களை இன்டர்டிஜிட்டேல் என்றது. 2017இல் டி ஹூக்கும் குழுவும் அதைத் திரும்பப் புரட்டி, டெர்மட்டோபைட்டுகளை ஏழு பேரினங்களாகப் பிரித்தார்கள் (பள்ளிக்கூடத்தில் சாதி என்று படித்தோமே, அதுதான்). பழைய மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் நனிசியா ஜிப்சியா ஆனது அப்போதுதான். அதனால் இடைப்பட்ட அந்தக் காலத்துக் கட்டுரையில் "எலியில் இன்டர்டிஜிட்டேல்" என்று கண்டால் அதை இன்றைய மென்டக்ரோபைட்டீஸாக இருக்கக்கூடும் என்று வாசிக்கவேண்டும். பொருத்திப் பார்ப்பதானால் மூலவகை விகாரங்களின், அதாவது அந்தந்தப் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்ட மாதிரிகளின், டிஎன்ஏ தொடர்களோடு மட்டும் பொருத்துங்கள்.

வளர்க்காமல், முடியைக் கழுவிய நீரிலிருந்தே எல்லா டிஎன்ஏயையும் ஒரே அடியாக வாசிக்கும் முறையும் இருக்கிறது. அவள் ஆசைப்பட்டது இதைத்தான், வண்ண வண்ணப் பட்டை வரைபடம் வரும். நூற்றுக்கணக்கான பெயர் வரும், அதில் பெரும்பகுதி வாய்க்காலும் வெங்காய மூட்டையும். உயிரோடு இருந்ததா செத்ததா தெரியாது. ஒரு நியாயமும் இருக்கிறது: தோலில் உண்மையாகவே குடியிருக்கும் மலசீசியா மதுவங்களில் பெரும்பாலானவை கொழுப்பு இல்லாத சபூரோவில் வளராது, வளர்ப்பு முறைக்கு அங்கே கண் தெரியாது, இந்த முறைக்குத் தெரியும். மலசீசியா வேணும் என்றால் ஒலிவ் எண்ணெய் பூசிய தட்டு ஒன்றைக் கூடச் சேர்த்துப் பாருங்கள், முதல் கட்டத்துக்கு அது போதும். மல்டிடொஃப் என்கிற, புரதங்களை வைத்து இனங்காணும் கருவியைப் பற்றி ஒரு வரி: கருவி பக்கத்தில் இருந்து, அதன் நூலகத்தில் இந்த இனங்களும் இருந்தால் விரைவு, இல்லையென்றால் வேலையில்லை.

ஆக நான் அவளுக்குச் சொன்ன தெரிவு இது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தூரிகை, இரண்டு சைக்ளோஹெக்சிமைட் தட்டு, நாலு கிழமை. தோலில் சொட்டையோ செதிலோ கண்டால் மட்டும் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். வந்த குடிகளைக் கண்ணாலும் நுணுக்குக்காட்டியாலும் கும்பல்களாகப் பிரித்து, ஒவ்வொரு கும்பலிலும் இரண்டோ மூன்றோ எடுத்து அவற்றை மட்டும் ஐடிஎஸ்ஸுக்கு அனுப்புவது. அறுபது குடியையும் அனுப்பத் தேவையில்லை, அந்தக் காசுக்கு இன்னும் இருபது விலங்கு பிடிக்கலாம், அவளுக்கு உண்மையில் குறைவாக இருந்தது விலங்கு எண்ணிக்கைதான். ஐரோப்பியத் திறவுகோல்களை (இனங்காணும் அட்டவணைகளை) வைத்து இனங்காணும்போது கவனம், அங்கே முள்ளெலியும் வோல் எலியும் இருப்பதால் அவற்றின் பங்கசுகளான எரினேசியும் பெர்சிகலரும் முதல் பக்கத்திலேயே நிற்கும், இங்கே அந்த விலங்குகள் காட்டில் இல்லை.

வீட்டெலி தவிர வேறு காட்டு விலங்கைத் தொடுவதானால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முதலிலேயே கேளுங்கள், நெறிமுறைக் குழுவின் கடிதமும் எடுங்கள். எலிச் சிறுநீர் என்றால் எலிக்காய்ச்சல், கையுறை இரண்டு சோடி. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் இரண்டு விரற்கிடை தோல் தெரிந்ததால் என் மணிக்கட்டில் வட்டமாக ஒரு படர்தாமரை வந்தது, ஆறு கிழமை களிம்பு பூசினேன்.

நேற்று இரவு அவளுடைய கடைசிக் கேள்வி: குடிகளை எங்கே சேமிப்பது, உறைபெட்டியில் இடமில்லையாம். இதற்கு விடை பழைய கொழும்போடு சம்பந்தப்பட்டது. அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இங்கே வேலைபார்த்த காலத்தில், 1910இல், இன்று ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் எனப்படுவதை விவரித்தார். பங்கசுகளைக் கிருமிநீக்கிய வடிநீரில் போட்டுச் சேமிக்கும் முறையை 1939இல் எழுதியவரும் அவர்தான், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். வித்தி நிரம்பிய அகாரை ஐந்தாறு சின்னத் துண்டாக வெட்டி, மூடி இறுக்கமான குட்டிப் போத்தலில் வடிநீரோடு போட்டு, அலுமாரியில் வைத்தால் போதும். உறைபெட்டியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். என்னிடம் உள்ள பழைய போத்தல் ஒன்றைப் போன கிழமை திறந்து தட்டில் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் அரிசி மா தூவியிருந்தது. படத்தை அவளுக்கு அனுப்பினேன், "அக்கா, போத்தல் எங்க வாங்கினீங்கள்" என்று உடனே திருப்பி வந்தது.